திடலிலும் சட்டம்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

எங்கள் தோட்டக் காற்பந்துக் குழு அப்பா காலத்திலிருந்து ஆடி வருகிறது. லீக்கில் சேரப் போனால் பதிவுச் சான்றிதழ் கேட்கிறார்கள். கோயில் இளைஞர் பிரிவின் ஆர்.ஓ.எஸ். (சங்கப் பதிவிலாகா) பதிவைக் காட்டினால் போதாதா?

போதாது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 576, 1998 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விளையாட்டு அமைப்புகள் அதன் கீழ் விளையாட்டு ஆணையரிடம்தான் பதிய வேண்டும். கோயில் பதிவு கோயிலுக்கு மட்டுமே. முதலில் பொதுக்கூட்டம் கூட்டி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு சட்டவிதிகளை எழுதுங்கள். உள்சண்டை வந்தால் யார் விசாரிப்பது, மேல்முறையீடு எங்கே என்ற விதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விடாமல் எழுதுங்கள். பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் சந்தா போடும் பழக்கத்தையும் பதிவோடு சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

தம்பி ஒரு கிளப்புக்கு ஆடுகிறான். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. 'ஸ்பான்சர் வந்ததும் தருவோம்' என்கிறார்கள். பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் என்ன?

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சம்பளம் தராத கிளப், 'ஆள் வேலைக்கு வரவில்லை' என்று வழக்கைத் திருப்பிவிடும். முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மேலாளர் சொன்ன ஒவ்வொரு தவணையையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

2018 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஃபிஃபாவின் ஆட்டக்காரர் இடமாற்ற விதிகளில் உள்ள 14 பிஸ் என்ற விதி, கிளப் சட்டவிரோதமாக இரண்டு மாதச் சம்பளமாவது நிறுத்தி வைத்திருந்தால், நிலுவையைச் செலுத்த எழுத்துமூலம் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் தராவிட்டால், ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிறது. அந்த 15 நாளும் தம்பி பயிற்சிக்குப் போய் வருகைப் பதிவில் கையெழுத்திட வேண்டும். கடிதம் அனுப்பும் முன் ஒப்பந்தத்தில் எந்த நடுவர் குழு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

தொழிலாளர் இலாகாவின் கதவும் திறந்தே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் சம்பளத் தொகை பாராமல் பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்குச் சில பிரிவுகள் மட்டும் இல்லை. 'எழுத்தில் ஒப்பந்தமே இல்லை, இவர் தொழிலாளி அல்ல' என்று கிளப் சொன்னால் 101சி பிரிவைக் காட்டுங்கள். பயிற்சி நேரத்தை யார் வகுக்கிறார், எப்படி ஆட வேண்டும் என்று யார் கட்டளையிடுகிறார், பூட்ஸும் ஜெர்சியும் யார் தருகிறார் என்பன போன்றவற்றை வைத்து, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரைத் தொழிலாளியாகவே கருதச் சொல்கிறது அது. சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீக்கிவிட்டார்கள் என்றால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்தாக வேண்டும். 61ஆம் நாள் எவ்வளவு நல்ல வழக்கும் செத்துவிடும்.

மகனுக்கு 16 வயது. ஓர் அகாடமி ஐந்து வருட ஒப்பந்தம் நீட்டுகிறது. இடையில் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டுமாம்.

இங்கே ஒருவர் சட்டப்படி பெரியவராவது 18 வயதில். அதற்குக் குறைந்தவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஃபிஃபா விதியும் 18க்குக் கீழ் தொழில்முறை ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'உத்தரவாதம்' என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். மகனைப் பிடிக்காத கடன் அந்த வரி வழியாக உங்களைப் பிடிக்கலாம். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகள் சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) தேர்வுக்கு 400 மீட்டர் ஓடுகிறாள். பாட்டி பத்தாவாலி அவித்துக் கொடுக்கிறார். நாட்டு மருந்துதானே, பரவாயில்லையா?

இன்றே நிறுத்துங்கள். வேலியில் படர்ந்து, தண்டெல்லாம் முண்டுமுண்டாக, ஒரு மிடறுக்கே நாக்கு கசந்து போகும் அந்தக் கொடியில் ஹைஜெனமின் என்ற தடைப் பொருள் இருக்கிறது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பான வாடா, 2017 தடைப் பட்டியலுக்கான விளக்கக் குறிப்பில் இந்தக் கொடியின் தாவரப் பெயரையே குறிப்பிட்டது. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்நாளும் தடை. சித்த மருந்துகள் சிலவற்றில் சேரும் எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னினும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. சளி மாத்திரையின் சூடோஎஃபெட்ரின் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டிக் காலத்தில் அதுவும் குற்றம்.

பாட்டியின் அன்பை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் உடலில் என்ன இருந்தாலும் ஓட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி. 2014 உலகப் பூப்பந்துப் போட்டியில் டெக்ஸாமெத்தசோன் என்ற தடை மருந்து கண்டறியப்பட்ட டத்தோ லீ சோங் வெய், ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஏற்கப்பட்ட பிறகும், எட்டு மாதத் தடை பெற்று வெள்ளிப் பதக்கத்தை இழந்தார்.

கிளினிக்கில் உட்கார்ந்ததும், மருந்து எழுதுவதற்கு முன்பே, 'இவள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவள்' என்று சொல்லுங்கள். தடைப் பொருள்தான் தேவை என்றால் மலேசிய ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பான அடாமாஸிடம் சிகிச்சை விலக்கு, அதாவது சிகிச்சைக்காக அதைப் பயன்படுத்தும் அனுமதி, கேட்க வேண்டும். பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. பழைய தாளை நம்பாதீர்கள். சத்துமாவு டின் வாங்கினால் ரசீதையும், தொகுதி எண் தெரியும் டின்னையும், அடியில் கொஞ்சம் மாவையும் பத்திரப்படுத்துங்கள். கலப்படம் என்று வாதாட அதுதான் சாட்சி. சோதனைப் படிவத்தில் முந்திய ஏழு நாளில் உட்கொண்ட எல்லாவற்றையும், கஷாயம் உட்பட, எழுதச் சொல்லுங்கள்.

எழுவர் காற்பந்துப் போட்டியில் கட்டாத கோல் கம்பம் சாய்ந்து கால் முறிந்தது. 'எது நடந்தாலும் வழக்குத் தொடர மாட்டேன்' என்ற தாளில் முன்பே கையெழுத்திட்டிருந்தேன்.

அந்தத் தாள் முடிவல்ல. வழக்குத் தொடரும் உரிமையை அடியோடு பறிக்கும் நிபந்தனை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி செல்லாது. ஒரு வங்கிக் கடன் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018இல் இதை உறுதிசெய்தது. முறையான மோதலில் பட்ட அடியை ஆட்டக்காரர் ஏற்றுக்கொண்டதாகக் கருதலாம். கட்டாத கம்பத்தை யாரும் ஏற்று இறங்குவதில்லை. கம்பத்தின் அடிப்பாகம், ஆணி அடிக்காத மண், மணல் மூட்டை இல்லாத பின்கம்பி ஆகியவற்றை அன்றே படமெடுத்திருந்தால் மிகவும் நல்லது. தீபகற்பத்தில் பொதுவாக ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். திடல் அரசாங்கப் பள்ளியுடையது, அரசாங்கத்தையும் சேர்த்து வழக்கு என்றால் 36 மாதம்தான்.

திருவிழா ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். பேனரில் போட்ட 1,500 ரிங்கிட் இன்னும் வரவில்லை.

ஒரு நிபந்தனையைச் சொல்லி அழைத்தவருக்கு, அதை நிறைவேற்றுவதே சம்மதம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. பேனர் படம், நெஞ்சு எண், முடிவுப் பட்டியல் மூன்றையும் வைத்து ஏழு நாள் கெடு கொடுத்துக் கடிதம் எழுதுங்கள். வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198ஆம் படிவத்தை நிரப்பிச் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மனுதாரர் தனிநபராக இருக்க வேண்டும் என்பதால், குழுவின் பெயரில் போடாமல் உங்கள் பெயரிலேயே போடுங்கள்.