மருத்துவர் பதில்: ‘சூடு’ என்று சொல்லியே ஒரு வருடம் ஓடிவிட்டது

கேள்வி: எனக்கு வயது 34. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், நான்காவது மாடிப் புடவைப் பிரிவில் வேலை. ஒரு வருடத்தில் ஐந்து முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வேன். முதல் மூன்று தடவை இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கடைசி இரண்டு தடவை மாத்திரை முடிந்தும் எரிச்சல் போகவில்லை. டெஸ்ட் எடுத்தால் ‘கிருமி இல்லை’ என்கிறார்கள். அடிவயிற்றில் பாரமாக ஒரு வலி இருந்துகொண்டே இருக்கிறது. கணவரோடு சேர்வதற்கே பயமாக இருக்கிறது. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். நான் சுத்தமாக இல்லாததால்தான் இப்படி வருகிறதா? (டாய்லெட் தரைத்தளத்தில் இருப்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை.) ஆடித் தள்ளுபடி வரப்போகிறது, லீவு கிடைக்காது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: சுத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் குடலில் எப்போதும் குடியிருக்கும் ஈ.கோலை என்ற கிருமிக்கு அந்த நான்கு சென்டிமீட்டர் பெரிய தூரமே இல்லை. பெரும்பாலான நீர்க்கடுப்புக்கு அதுதான் காரணம். இன்னும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவுகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். அப்படிக் கழுவினால் அங்கே காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வெளியே வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. காலையில் வீட்டில் ஒரு காபி, மதியம் ஒரு டம்ளர் தண்ணீர், இரவு வீடு திரும்பிய பிறகுதான் மற்றதெல்லாம். சரியா? சிறுநீர் போகும்போது கிருமிகளையும் அடித்துக்கொண்டு போகும். மணிக்கணக்கில் அடக்கினால் அவை பையிலேயே பெருகும். தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக இரண்டு தடவைக்கும் குறைவாகத்தான் வந்தது. பழையபடியே குடித்தவர்களுக்கு மூன்று தடவைக்கு மேல். கடைப் பெண்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்தது. நான்கு மாடி இறங்கி ஏற நேரம் தரவும் ஒரு சட்டம் வரவேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அந்தப் பழைய சீட்டு. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தாலே அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றுதான் சொல்வோம். உங்களுக்கு அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. இனி எரிச்சல் தொடங்கினால், முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் கையில் தரும் சாதாரண யூரின் டெஸ்ட் வேறு, கல்ச்சர் வேறு. கல்ச்சரில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, உடனே லேபில் கொடுங்கள். இரண்டு மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். உங்கள் கடைசி இரண்டு டெஸ்டும் எப்போது எடுத்தவை என்று யோசித்துப் பாருங்கள்.

எரிச்சலுக்கு மெடிக்கலில் கேட்காமலே ஒரு சிரப் தருவார்கள். அது சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும். நீர்க்கடுப்புக்கு வழக்கமாகத் தரும் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரைக்கோ அமிலம் இருந்தால்தான் வேகம். டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடாதீர்கள்.

மாத்திரைக்கு முன்பே டெஸ்டுக்குக் கொடுத்து, அப்போதும் கிருமி இல்லை என்று வந்திருந்தால்? என் சந்தேகம் இடுப்புத் தசைகளின் பக்கம்தான் போகிறது. இடுப்பெலும்புக்குள், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தொட்டில் மாதிரி தாங்கும் தசைகள் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறோமே, அப்போது இறுகுவது இவைதான். ஒரு வருடம் தினமும் அடக்கி, நடுவில் ஐந்து தடவை வலியில் சுருண்டால், தளரவேண்டிய நேரத்திலும் அவை தளர மறந்துவிடும். அப்புறம் கிருமியே இல்லாமல் எரியும், அடிவயிறு கனக்கும், முழுதாகப் போகாத மாதிரி இருக்கும், தாம்பத்தியத்தில் சுரீர் என்று வலிக்கும். இந்த வலி கற்பனை இல்லை. ஆனால் ஆன்டிபயாடிக்குக்கு இதில் வேலையும் இல்லை.

யூடியூபில் பார்த்து இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கினால் வலி கூடும். இதற்குப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட்கள் சென்னையில் இருக்கிறார்கள், தளர்த்தக் கற்றுத் தருவார்கள். அதுவரை படுக்கும் முன் மல்லாந்து படுத்து, வயிறு மேலெழ ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம்.

தசைதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட முடியாது. மாதவிலக்கை ஒட்டி வலி கூடினால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கலாம். பை நிறைய நிறைய வலித்து, போனதும் குறைந்தால் சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தால் பிறப்புறுப்புத் தொற்றைப் பார்க்கவேண்டும். எப்போது வலிக்கிறது, எப்போது எரிகிறது என்று இரண்டு வாரம் போனில் குறித்துவையுங்கள். அதோடு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கோ, உங்களுக்கு வசதியான மகளிர் மருத்துவரிடமோ போங்கள். சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கவும் கேளுங்கள். தாம்பத்தியத்தில் வலிப்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பெண்கள் எழுந்து கதவுவரை போய், திரும்பி வந்து சொல்லும் விஷயம் அது.

குளிர் காய்ச்சல், விலாப் பக்க முதுகுவலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் - இதில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போகவேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் அதை மறக்காமல் சொல்லவேண்டும்.

கணவரிடம் ‘வலிக்கிறது, கொஞ்ச நாள் பொறுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உறவுக்குப் பிறகு நீர்க்கடுப்பு வருவதால் அவருக்கு ஏதோ நோய் என்று அர்த்தமில்லை. உங்கள் கிருமிதான் அந்த நேரத்தில் உள்ளே தள்ளப்படுகிறது. முடிந்ததும் எழுந்து சிறுநீர் கழித்துவிடுவது நல்லது.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் தரும் பார்லித் தண்ணீரும் நீர்மோரும் உள்ளே போகிற தண்ணீர்தானே, குடியுங்கள். கல்ச்சரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆடிக்கு லீவு வேண்டாம், ஒரு சீட்டு போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டாய்லெட் போக அனுமதிக்கவேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுங்கள். உங்கள் பிரிவில் இன்னும் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள் என்று விசாரித்து, நான்கைந்து பேராகப் போய்க் கேட்டால் இன்னும் நல்லது.