தகுதிகாண் காலத்தில் மேற்பார்வையாளரைத் தேடுதல்: ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

வணக்கம் சகோதரி. சென்னையில் ஆற்றுப்படுத்தல் உளவியலில் முதுகலை முடித்து, அங்கேயே சில காலம் பணியாற்றிவிட்டு கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்திருப்பதாகவும், ஒன்ராறியோவின் உளச்சிகிச்சையாளர் ஒழுங்காற்றுச் சபையில் தகுதிகாண் நிலைப் பதிவு, அதாவது முழுப் பதிவுக்கு முன் மேற்பார்வையின்கீழ் பணியாற்றும் நிலை, கிடைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இனி மேற்பார்வை, அதாவது அனுபவமுள்ள ஒருவருடன் நம் சிகிச்சைப் பணியைப் பேசிப் பார்ப்பது, மணிக்கணக்கை நிரப்பும் சடங்குதானா, அதற்குக் கைக்காசு கொடுக்க வேண்டுமா, தமிழர் ஒருவரையே மேற்பார்வையாளராகத் தேடுவது நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்து, இப்போது மற்றவர்களுக்கு மேற்பார்வையும் செய்கிறேன். ஆகவே என் பதிலில் சற்றுச் சார்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் உளச்சிகிச்சைச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தச் சபை 2015 ஏப்ரல் 1 முதல் முழு அளவில் இயங்கிவருகிறது. தகுதிகாண் நிலையிலிருந்து முழுப் பதிவுக்கு மாற வேண்டுமானால், பதிவுத் தேர்வில் தேறுவதோடு, துணைநாடிகளுடன் (சிகிச்சைக்காக நம்மை நாடி வருபவர்களுடன்) நேரடியாகப் பணியாற்றிய 450 மணி நேரத்தையும் மேற்பார்வையாளருடன் பேசிய 100 மணி நேரத்தையும் காட்ட வேண்டும். நேரடிப் பணி மொத்தம் 1,000 மணி நேரத்தையும் மேற்பார்வை மொத்தம் 150 மணி நேரத்தையும் எட்டிய பிறகே மேற்பார்வையின்றித் தனித்து இயங்கலாம். உளச்சிகிச்சை செய்ய உரிமையுள்ள ஆறு தொழில்களின் சபைகளுள் ஒன்றில் நற்பெயருடன் பதிவில் இருப்பவரும், ஐந்தாண்டு அனுபவமும் மேற்பார்வை செய்வதற்கென்று பெற்ற பயிற்சியும் உள்ளவருமே மேற்பார்வையாளராக இருக்க முடியும். ஒருவரிடம் பேசி முடிவெடுக்கும் முன்னர் அவருடைய பெயரைச் சபையின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் அதுவும் அங்கே தெரியும்.

புதிதாக வருபவர்கள் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வேலையிடத்தில் உங்களுக்கு விடுமுறை அனுமதிப்பவரும், எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கணக்குக் கேட்பவரும் உங்கள் மேலாளர். அவருடன் வாரந்தோறும் நடக்கும் சந்திப்பு, பெயரில் மேற்பார்வை என்றிருந்தாலும், சபை கேட்கும் மேற்பார்வையாகிவிடாது. சிகிச்சை அறையில் உங்களுக்கும் துணைநாடிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய பேச்சே இங்கே எண்ணப்படும். சில நிறுவனங்களில் ஒரே ஆளே இரண்டையும் செய்கிறார். விதி அதைத் தடுப்பதில்லை என்றாலும் நான் அதை விரும்புவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் உள்ளவரிடம், "இந்தத் துணைநாடி வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று யார்தான் மனந்திறந்து சொல்வார்கள்? அந்த எரிச்சலைச் சொல்ல முடியாத இடத்தில் மேற்பார்வை நடப்பதாகக் கருதுவதில் பொருளில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னிடம் வரும் இளம் சிகிச்சையாளர் ஒருவர், தன்னிடம் வரும் முதிய அம்மா ஒருவர் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து தந்ததாகவும், அன்பளிப்பு வாங்குவது விதிப்படி சரியா என்று தெரியவில்லை என்றும் கேட்டார். விதியைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். அதற்கு மாறாக, அதை எப்போது தந்தார் என்று கேட்டேன். எழுந்து கதவருகே போன பிறகுதான் பையிலிருந்து எடுத்தாராம். தரும்போது, "நல்லா மெலிஞ்சு போனீர் பிள்ளை, ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?" என்றாராம். அன்றைக்கு எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டேன். 2009இல் முள்ளிவாய்க்காலில் தவறவிட்ட மகனைப் பற்றி அந்த அம்மா முதன்முறையாகப் பேசியிருக்கிறார். அடுத்த சந்திப்பு எப்போது என்றேன். தானே போனில் கூப்பிட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போய்விட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிகிச்சையாளர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதிகம் சொல்லிவிட்டோம் என்ற கூச்சத்தில், கேட்பவரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டு, அந்த அம்மா ஒருவேளை விடைபெற்றே போயிருக்கக்கூடும். மீதி நேரம் முழுவதும், அவரைக் கூப்பிடுவதா, காத்திருப்பதா, கூப்பிட்டால் முதலில் எதைச் சொல்வது என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

உங்கள் கேள்விகளில் தமிழ் மேற்பார்வையாளரைப் பற்றியதுதான் எனக்கு மிகவும் கடினமானது. ஸ்காபரோவிலும் பக்கத்து நகரான மார்க்கத்திலும் உங்களிடம் தமிழில் பேச வருபவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்களாக இருப்பார்கள்; நீங்களோ சென்னைத் தமிழ் பேசுபவர். 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய அமைதிப்படை எங்கள் ஈழத்து ஊர்களில் இருந்த காலத்தை அனுபவித்த ஒருவர், உங்கள் பேச்சு வழக்கைக் கேட்டதும் காரணம் சொல்லாமலே சுருங்கிப்போகலாம். இன்னொருவர் நேர்மாறாக, தன் ஊர்க்காரருக்குச் செய்தி போகாது என்ற நிம்மதியில் உங்களிடம் மனம் திறக்கலாம். இந்த இரண்டையும் மேற்பார்வையில் பேசியே ஆக வேண்டும். வரலாறு தெரியாத மேற்பார்வையாளருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது என்பதால், தமிழரைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே நம் சமூகம் சிறியது. நீங்கள் பெயர் சொல்லாமல் விவரிக்கும் குடும்பத்தை, ஊர், உறவு, கோயில் என்ற மூன்று குறிப்புகளிலேயே உங்கள் மேற்பார்வையாளர் அடையாளம் கண்டுவிடக்கூடும். அவர்கள் அவருக்குச் சம்பந்தி வழியாகவும் இருக்கலாம். அப்படித் தெரியவந்தால் இருவரும் என்ன செய்வது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தனிப்பட்ட எண்ணம் இது: முதன்மை மேற்பார்வையாளர் யாராக இருந்தாலும், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உங்களிடமே விளக்கம் கேட்கக்கூடியவராக இருக்கட்டும். தமிழ்ச் சூழல் அறிந்தவரைக் குழு மேற்பார்வையில் தேடிக்கொள்ளலாம்.

துணைநாடியிடம் மறைக்கக் கூடாதவை சில உண்டு. நீங்கள் தகுதிகாண் நிலையில் இருக்கிறீர்கள் என்பதையும், உங்கள் மேற்பார்வையாளருடன் அவருடைய விஷயம் பேசப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்கள்தானே?" என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலை முன்கூட்டியே தமிழில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை அடி வாங்குவதாகவோ வேறு தீங்குக்கு உள்ளாவதாகவோ சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நீங்களே நேரடியாக அறிவிக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் முன் செல்லாது. அவரிடம் ஆலோசனை கேட்கலாம். ஆனால் அவர் போனை எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, தனிநபர் மேற்பார்வைக்கு மணிக்கு 100 டாலருக்கு மேல் கேட்பது இங்கே சாதாரணம். எட்டுப் பேர்வரை சேர்ந்த குழு மேற்பார்வையும் சபையின் கணக்கில் சேரும் என்பதால், இரண்டையும் கலந்து எடுத்துக்கொண்டால் செலவு கணிசமாகக் குறையும். இலாப நோக்கற்ற நிறுவனங்கள் சில, சம்பளத்தோடு மேற்பார்வையையும் தருகின்றன. தனியார் சிகிச்சையகம் ஒன்றில் சேர்வதானால், கட்டணத்தில் உங்கள் பங்கு எத்தனை வீதம், மேற்பார்வைச் செலவு அந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படுமா, மேற்பார்வையாளரை நீங்களே தெரிவு செய்யலாமா என்பவற்றைக் கையொப்பமிடும் முன்பே கேளுங்கள். தகுதிகாண் நிலையில் உள்ளவரின் பற்றுச்சீட்டை எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் ஒரே மாதிரி ஏற்பதில்லை என்பதையும் துணைநாடிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் போனபின் ஒரு மேற்பார்வையாளருடன் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் மாறுவதில் தவறில்லை; நம் வழக்கப்படி பெரியவர் மனம் நோகுமே என்று இழுத்தடிக்க வேண்டாம். ஆனால் பிரிவதற்கு முன், அதுவரை முடித்த மணி நேரங்களுக்கு அவருடைய கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். சென்னையில் உங்களை மேற்பார்வை செய்தவரிடமும் இப்போதே எழுதிக் கேளுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தனியாகவா குழுவாகவா, எத்தனை மணி நேரம், அவருடைய தகுதி என்ன என்பவை அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். அந்த மணி நேரங்களை ஏற்பதா என்பதைச் சபைதான் முடிவு செய்யும். கடிதம் கையில் இல்லாவிட்டால் கேட்டுப் பார்க்கவே வழியிராது.