இந்த வரி யாருக்கு?

அன்புள்ள அண்ணா,

2012இல் நியூயார்க்கில் நடந்த லோடட் லக்ஸ் – கேலிகோ ராப் பேட்டிலை (இரண்டு ராப்பர்கள் நேருக்கு நேர் நின்று வரிகளால் ஒருவரையொருவர் தாக்கும் போட்டி) நானும் அறை நண்பனும் மறுபடி பார்த்தோம். மூன்று சுற்றும் லக்ஸுக்குத்தான் என்கிறேன் நான். சவப்பெட்டியைக் கொண்டுவந்து ஷோ காட்டிக் கூட்டத்தை மயக்கிவிட்டார், எழுத்தாகப் பார்த்தால் கேலிகோ சளைத்தவர் இல்லை என்கிறான் அவன். அடுத்த மாதம் எங்கள் கல்லூரி விழாவில் ராப் பேட்டில் வைக்கிறார்கள், மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். இரண்டு பேருமே நன்றாக எழுதுகிறவர்கள் என்றால் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

ஒருவர் வரி மறந்து திணறி நிற்கிறார், இன்னொருவர் பொளந்து கட்டுகிறார் என்றால் நடுவரே தேவையில்லை, கடைசி பெஞ்சில் இருப்பவரும் சொல்லிவிடுவார். இருவருமே கைதேர்ந்தவர்கள் என்றால்தான் சிக்கல். அப்போது எத்தனை அசை இயைந்து வந்தது, ஒரு வரிக்குள் எத்தனை சிலேடை என்று எண்ண ஆரம்பித்தால் விடியாது, ஏனென்றால் அந்தக் கணக்கில் இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: இந்த வரியை எதிரில் நிற்கிற ஆளைத் தவிர வேறு யாரிடமாவது சொல்ல முடியுமா? பெயரை மாற்றிவிட்டு அடுத்த பேட்டிலிலும் இறக்கலாம் என்றால், அது எவ்வளவு நல்ல பஞ்ச்சாக இருந்தாலும் என்னிடம் பாதி மதிப்பெண்தான்.

இது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல் இல்லை. 1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் பிஸி பீ, கூல் மோ டீ என்ற இரண்டு ராப்பர்கள் மோதியதை எல்லோரும் இன்றுவரை பேசுகிறார்களே, அதற்குக் காரணமே இதுதான். பிஸி பீ கூட்டத்தைத் தன்னோடு சேர்த்துக் கத்த வைப்பதில் மன்னர். 'பா-டிடி-பா' என்று அவர் ஆரம்பித்தாலே அரங்கம் அவர் பக்கம் வந்துவிடும். அதுவரை போட்டி என்றாலே யார் கூட்டத்தை அதிகம் ஆட வைக்கிறார் என்பதுதான். கூல் மோ டீ மேடையேறி கூட்டத்திடம் பேசாமல் பிஸி பீயிடம் பேசினார். அந்த 'பா-டிடி-பா'வையே எடுத்துக் கிண்டலடித்தார். அந்த வரிகளைப் பிஸி பீயைத் தவிர உலகத்தில் வேறு ஒருவரிடமும் சொல்லியிருக்க முடியாது. பேட்டில் ராப்பில் எழுத்துக்குத் தனி மரியாதை வந்ததற்கு அந்த இரவை ஒரு தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள்.

சரி, லக்ஸுக்கு வருவோம். யூஆர்எல் என்ற பேட்டில் ராப் அமைப்பு நடத்திய 'சம்மர் மேட்னஸ் 2' நிகழ்ச்சி அது. அங்கே வழக்கமாக நடுவர் கிடையாது. மூன்று சுற்று முடிந்ததும் 'கிளியர்' (தெளிவான வெற்றி), 'டிபேட்டபிள்' (யாருக்கு என்று வாதிடலாம்) என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். லக்ஸ் கோட் சூட்டில் வருகிறார், சவப்பெட்டி வருகிறது, இறுதிச் சடங்கு மாதிரி ஒரு ஏற்பாடு. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. பெட்டிக்கு மட்டும் நான் ஒரு மதிப்பெண்கூடத் தர மாட்டேன். காசு கொடுத்தால் யாரும் பெட்டி கொண்டுவரலாம். ஆனால் லக்ஸ் அதை வைத்து என்ன செய்தார் என்று பாருங்கள். கேலிகோ டெட்ராய்ட்காரர், தெரு வாழ்க்கையின் முரட்டுத்தனம்தான் அவருடைய பலம், குரலிலேயே ஒரு மிரட்டல் இருக்கும். லக்ஸ் அந்த முரட்டுத்தனத்தோடு போட்டி போடவே இல்லை. சாவு வீட்டில் நிற்கிற போதகர் மாதிரி, நீ பெருமையாகச் சொல்கிற இந்த வாழ்க்கை உன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்கிறார். இப்போது அந்தப் பெட்டி வரிக்குள் வந்துவிட்டது. எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக மாற்றுவதை 'ஆங்கிள்' என்பார்கள், நல்ல ஆங்கிள் ஒன்று கிடைத்தால் அது பத்து பஞ்ச்சுக்குச் சமம். அடுத்த முறை பார்க்கும்போது லக்ஸ் பேசுகிறபோது கேலிகோவின் முகத்தைக் கவனியுங்கள்.

என் கணக்கில் முதல் சுற்று கேலிகோவுக்கு, மற்ற இரண்டும் லக்ஸுக்கு. மூன்றும் லக்ஸுக்கு என்று நீங்கள் சொல்வது மூன்றாவது சுற்றின் வேகத்தில் முதல் சுற்றையும் திருத்தி எழுதுவதால்தான் என்று நினைக்கிறேன். இது எல்லோருக்கும் நேர்வது. அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அடுத்தவர் வாயைத் திறப்பதற்கு முன், தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அப்புறம் அதைத் தொடவே கூடாது.

கூட்டத்தின் சத்தம் பற்றி. அதைக் கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது, உட்காரவும் வேண்டாம், பேட்டில் என்பது மேடைக் கலை. ஆனால் கல்லூரியில் சொந்தத் துறைப் பையன் என்பதற்காகவே அலறுவார்கள். சத்தம் வரிக்கு வந்ததா, ஆளுக்கு வந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் தவறவிட்ட நல்ல வரி உங்கள் காதில் விழுந்தால் தயங்காமல் மதிப்பெண் போடுங்கள், நடுவர் என்று ஒருவரை உட்கார வைப்பதே அதற்குத்தான். ஆனால் வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தால்தான் உங்களுக்கே புரிகிற சிலேடைக்கு அன்று மதிப்பெண் கிடையாது. அது நல்ல எழுத்தாக இருக்கலாம், அந்த இரவில் அது எதிராளியைத் தொடவில்லை.

இன்னொன்று, காசு சுண்டி யார் முதலில் என்று முடிவு செய்வார்கள். இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு: எதிராளி இப்போதுதான் சொன்னதைப் பிடித்து, அந்த இடத்திலேயே ரிபட்டல், அதாவது பதிலடி வரி கட்டி, சுற்றைத் தொடங்கலாம். ரிபட்டல் பெரும்பாலும் சாதாரணமான வரியாகத்தான் இருக்கும், ஆனால் உடனே பிறந்தது என்பதால் அரங்கம் அதிரும். அதற்குப் பாராட்டு உண்டு, சுற்றையே தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதி மனப்பாடம் செய்தவரின் மூன்று நிமிடத்தை நான்கு வரி ரிபட்டல் விழுங்கிவிடுவதை நிறைய பார்த்திருக்கிறேன், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முடிந்தால் இரண்டாவது சுற்றில் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, பெண்கள் யாராவது கலந்துகொள்கிறார்களா? 1985இல் நியூயார்க்கில் நியூ மியூசிக் செமினார் நடத்திய போட்டியில் ராக்சேன் ஷான்டே என்ற பதின்ம வயதுப் பெண் இறுதிச் சுற்று வரை வந்து பிஸி பீயிடம் தோற்றார். ஆம், அதே பிஸி பீதான். பெண் என்பதற்காகவே நடுவர் ஒருவர் தனக்குக் குறைத்துப் போட்டார் என்று ஷான்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தோல்வியைவிட அந்த மதிப்பெண் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரலில் வலி அதிகம் என்று எனக்குத் தோன்றும். உங்கள் மேசையில் அப்படி ஒரு தாள் வந்தால், மற்ற இரண்டு நடுவர்களிடமும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், முடிவைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். கனடாவின் கிங் ஆஃப் த டாட், இங்கிலாந்தின் டோன்ட் ஃப்ளாப் என்ற பேட்டில் ராப் மேடைகளில் நடுவர்கள் மைக்கைப் பிடித்து எந்தச் சுற்று யாருக்கு, ஏன் என்று இரண்டு பேர் முகத்துக்கு முன்னாலும் சொன்ன வீடியோக்கள் இருக்கின்றன. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். தோற்றவரின் ஒரு வரியையாவது நினைவில் வைத்திருந்து, அது எனக்குக் கேட்டது என்று சொல்லுங்கள்.