அன்றாட வாழ்வில் எது மாற வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

ஒலிபெருக்கிகளின் இரைச்சலைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் தெருவில் ஒரு காதணி விழா என்றால், பந்தல் வாசலில் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள் விடியுமுன்பே முழங்கத் தொடங்கி, எங்கள் சமையலறை அலமாரியில் உள்ள எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என வரம்பு வகுத்திருப்பதோடு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளைத் தடையும் செய்கின்றன. டெசிபல் அளவு மடங்குக் கணக்கில் ஏறுவது என்பதால், 55 டெசிபலைவிட 85 டெசிபல் ஒலியின் செறிவு ஆயிரம் மடங்கு அதிகம். இது பலருக்குத் தெரிவதில்லை.

வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினாலோ இரவுத் தடையை மீறினாலோ எவரும் புகார் அளிக்கலாம். ஆனால், மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு, நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது எதிர்ப்படப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் மீது யார்தான் புகார் கொடுப்பார்? எனவே, அந்தச் சங்கடத்தை அக்கம்பக்கத்தார் தலையில் சுமத்தாமல், வாடகைக்கு விடப்படும் ஒலிபெருக்கிகளிலேயே ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்துவதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் விருப்பம்.