பால் கவரை எடுக்குறவர் சிப்ஸ் கவரை ஏன் எடுக்க மாட்டேங்கிறார்?

கேள்வி: வண்டிக்கு மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு தினமும் பிரிச்சுத்தான் குடுக்குறேன். பால் கவர், சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் சேர்த்து வச்சா பழைய பேப்பர்க்காரர் பால் கவரை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுத்துடுறார். எல்லாமே பிளாஸ்டிக்தானே, முக்கோணக் குறிகூட இருக்கே? – வாசகி, திருச்சி

பதில்: அந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் நிறைய பேர் ஏமாந்து போறோம்ங்க. முக்கோணம் இருந்தா ரீசைக்கிள் ஆயிடும்னு அர்த்தம் இல்ல, உள்ள இருக்குற நம்பர் அது என்ன வகை பிளாஸ்டிக்னு சொல்லுது, அவ்வளவுதான். 1ன்னா தண்ணி பாட்டில், 2ன்னா ஷாம்பு, பினாயில் பாட்டில் மாதிரி கெட்டியானது, 4 பால் கவர், 5 ஹோட்டல் பார்சல் டப்பா. 7 போட்டிருந்தா 1லேர்ந்து 6 வரை எதுலயும் சேராததுன்னு அர்த்தம், பல பிளாஸ்டிக்கை ஒட்டிச் செஞ்சதுக்கும் அதான் நம்பர்.

ஒரு சிப்ஸ் கவரைக் கிழிச்சு உள்பக்கம் பாருங்க, வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். பிளாஸ்டிக் மேல ரொம்ப மெல்லிசா அலுமினியம் பூசி, அதுக்கு மேல பிரிண்ட் பண்ண இன்னொரு பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்பாங்க, காத்தும் ஈரமும் உள்ள போகாம சிப்ஸ் மொறுமொறுன்னு இருக்கணும்னுதான் இத்தனையும். ஆனா ஒட்டுனதைத் திரும்ப லேசுல பிரிக்க முடியாது, மொத்தமா உருக்குனாலும் மறுபடி பொருள் செய்யுற மாதிரி நல்ல பிளாஸ்டிக் குருணை வராது, அப்ப பழைய பேப்பர்க்காரர் அதை வாங்கிட்டுப் போய் யார்கிட்ட விப்பார்? ஷாம்பு பாக்கெட்டும் இதே கதைதான். பால் கவர் அப்படி இல்ல, முழுக்க பாலித்தீன், உருக்குனா மறுபடி பாலித்தீன்தான்.

அதுக்காக சிப்ஸ் கவரை வெளிய வீசிடாதீங்க, எரிக்கவும் வேண்டாம். காய்ஞ்ச குப்பையோட தனியா ஒரு பையில கட்டிக் குடுங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவர், இந்த மாதிரி கவரையும் துண்டு துண்டா வெட்டி சூடான ஜல்லி மேல தூவி, அது உருகி ஜல்லியில ஒட்டுனதும் தார் கலந்து ரோடு போடுற வழியைக் கண்டுபிடிச்சார். சிமென்ட் ஆலையில எரிபொருளாவும் போகுது. ரெண்டுக்குமே சாம்பார் ஒட்டாம காய்ஞ்சு இருந்தாத்தான் ஆகும்.

பால் கவர்ல ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். மூலையை முழுசா வெட்டி எடுக்காதீங்க, பாதி வெட்டி அது கவர்லயே தொங்குற மாதிரி விடுங்க. முழுசா வெட்டிட்டா அந்த நகக்கண் அளவு துண்டு ஸிங்க்ல போகும், இல்லன்னா காய்கறித் தோலோட உரக்குழிக்குப் போகும், அப்புறம் மண்ணுலேர்ந்து யாராலயும் பொறுக்க முடியாது. காலியானதும் கவர்ல கொஞ்சம் தண்ணி விட்டு அலசி, அந்தத் தண்ணியை செடிக்கு ஊத்திட்டு, துணி காயப்போடுற கொடியில கிளிப் போட்டு மாட்டிடுங்க. எங்க வீட்ல அப்படித்தான். அலசாம வச்ச கவர் மறுநாளே நாறும், பிரிக்கிற இடத்துல அதை வெறுங்கையால எடுக்குறவங்களை நினைச்சுப் பாருங்க.

கேள்வி: ஜூஸ் வர்ற அட்டை டப்பா பேப்பரா, பிளாஸ்டிக்கா? – வாசகர், கடலூர்

பதில்: ரெண்டும்தான், கூடவே அலுமினியமும். முக்கால்வாசி அட்டை, மிச்சம் பாலித்தீனும் கொஞ்சூண்டு அலுமினியமும். தண்ணியில ஊறவச்சுக் கடைஞ்சு காகிதக்கூழைத் தனியா எடுக்க மெஷின் இருக்கு, அதனால இது ரீசைக்கிள் ஆகும், ஆனா பேப்பர் கட்டோட சேர்த்தா அந்தக் கட்டே வீணாயிடும். ஸ்ட்ராவை உருவிட்டு, அலசி, தட்டையா அமுக்கி காய்ஞ்ச குப்பையில போடுங்க.

கேள்வி: பீட்சா டப்பாவை பழைய பேப்பரோட போடலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: எண்ணெய் படாத மூடியை மட்டும் கிழிச்சுப் போடுங்க. எண்ணெய் ஊறுன அடிப்பாகம் காகிதக்கூழைக் கெடுத்துடும், அதைத் துண்டு துண்டா கிழிச்சு உரத்தொட்டியில போட்டா மக்கிடும், ஒட்டியிருக்குற டேப்பை மட்டும் உரிச்சுடுங்க.