முயலை யாரிடம் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்ததால் இரண்டு முயல்களை வாங்கி வந்தோம். அவற்றுள் ஒன்று ஆண் என்பது ஆறு குட்டிகள் பிறந்த பிறகே தெரிந்தது. இன்னும் சில மாதங்களில் சிறிய வீட்டுக்குக் குடிபோக இருப்பதால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இயலாது. தெரிந்தவர் ஒருவர், எதையும் கேட்காமல், அத்தனையையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். காட்டோரம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன் இன்றே ஆண்முயலைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி ஈன்ற அன்றே பெண்முயல் மீண்டும் சினைப்பட முடியும். சினைக்காலமோ ஏறத்தாழ 31 நாள்தான். ஆகவே உங்கள் வீட்டில் அடுத்த ஈற்று ஏற்கெனவே உருவாகியிருக்கக்கூடும் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்தாலும் அதன் பிறகு ஆறு வாரம் வரை பெண்ணிடமிருந்து விலக்கி வைப்பது நல்லது. குட்டிகள் எட்டு வாரம் தாயுடன் இருக்கட்டும். அதன் பின், மூன்று மாதம் நிறைவதற்குள், முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டி ஆண், பெண் பிரித்துவிடுங்கள். உடன்பிறந்தவை என்று அவை பார்ப்பதில்லை. குட்டிப் பருவத்தில் பாலினத்தைத் தவறாகச் சொல்வது விற்பவர்களுக்கே வழக்கம் என்பதால் உங்கள் கண்ணை நம்பிவிட வேண்டாம்.

காட்டில் விடுவது விடுதலை ஆகாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த, பெரும்பாலும் வெள்ளையோ புள்ளியோ உடைய இந்த உயிருக்கு ஒளியத் தெரியாது. நாயும் பருந்தும் சில நாள்களிலேயே கணக்கைத் தீர்த்துவிடும். தப்பிப் பிழைத்தாலோ அது வேறு வகைக் கேடு: வேட்டைக்காக 1859இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட சில முயல்களின் வழித்தோன்றல்கள் அந்நாட்டுப் பயிரையும் புல்வெளியையும் என்ன பாடுபடுத்தின என்பதை உலகமே அறியும்.

ஒன்றும் கேட்காமல் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் முயல்கள் இறைச்சிக்கும், பாம்புத் தீனிக்கும், ஓயாமல் குட்டி ஈனவைக்கும் கூண்டுகளுக்கும் போவது உண்டு. சிறு தொகை ஒன்றைக் கேட்டாலே அத்தகையோரிற் பலர் விலகிவிடுவார்கள். வருபவர் உங்கள் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களைவிட, அவராகவே கேட்கும் கேள்விகள்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும். என்ன தின்னும், எவ்வளவு வெயில் தாங்கும், பக்கத்தில் முயல் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா, மின்கம்பியைக் கடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர் பாதி தேறியவர். எட்டுப் பத்து ஆண்டு வாழக்கூடிய உயிர் என்று சொன்னதும் முகம் மாறினால், அவரை வற்புறுத்தாதீர்கள். குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்போரிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. வந்தவரைத் தரையில் உட்காரச் சொல்லி, முயலை அருகே விட்டுப் பாருங்கள். துரத்திப் பிடித்துக் காதைப் பற்றித் தூக்க முனைந்தால், அவருக்குப் பழக்கிக் கற்றுக்கொடுக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். ஒரு கையை மார்புக்குக் கீழேயும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும்; பின்கால்கள் தாங்கலின்றித் தொங்கினால், உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பே முறியக்கூடும்.

கொடுக்கும்போது எதையும் மறைக்காதீர்கள். கடிக்கும் பழக்கம், நோய், சினையாக இருக்கலாம் என்ற ஐயம் எல்லாவற்றையும் எழுதியே கொடுங்கள். பழகிய தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதும், நிறையக் காய்ந்த புல்லும், முயலின் வாசம் படிந்த, துவைக்காத துணி ஒன்றும் உடன் போகட்டும். திடீரெனத் தீவனம் மாறினால் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அரை நாள் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே ஒரு முயல் இருக்கிறது. வேறொருவர் தரும் முயலை அதன் கூண்டிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. முயல் தன் இடத்தைக் காக்கக் கடுமையாகச் சண்டையிடும். காதும் பிறப்புறுப்பும் கிழிபடுவது உண்டு. இரண்டுக்கும் கருத்தடை முடிந்து ஆறிய பின், அருகருகே வெவ்வேறு கூண்டுகளில் சில வாரம் வைத்து, பிறகு இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில், நீங்கள் உடனிருக்க, சில நிமிடங்கள் மட்டும் சந்திக்க விடுங்கள். ஏற்கெனவே ஒன்றையொன்று நக்கி, ஒட்டிப் படுத்துப் பழகிய இணையாக இருந்தால் பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். இணையை இழந்த முயல் தீனியை விட்டுவிடக்கூடும்.

கேள்வி: கொடுத்த பிறகும் நாங்கள் விசாரிக்கலாமா?

பதில்: விசாரிக்க வேண்டும். ஆனால் அதை முன்பே பேசிவிடுங்கள். திடீரென்று வாசலில் போய் நின்றால் யாருக்கும் பிடிக்காது. முதல் வாரமும், ஒரு மாதம் கழித்தும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். வளர்க்க முடியாமற்போனால் வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் உங்களிடமே திருப்பித் தரும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திரும்பி வந்தால் வைப்பதற்கு ஒரு கூண்டை விற்காமல் வைத்திருங்கள்.