தேர்வு வைப்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒவ்வொரு தேர்தலின்போதும் ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. அரசின் கடனைப் பற்றியோ சட்டங்களைப் பற்றியோ ஒன்றுமே தெரியாதவருக்கும், அதையே ஆண்டுக்கணக்கில் படித்தவருக்கும் எதற்காக ஒரே மதிப்புள்ள வாக்கு? மனிதர்கள் எதிலுமே சமமாக இல்லையே. எளிய தேர்வு ஒன்று வைத்து, தேறியவர்களுக்குக் கூடுதல் வாக்கு தந்தால் என்ன? அல்லது குலுக்கல் முறை சரிவருமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

குலுக்கலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளைக் குலுக்கிப் போட்டுத்தான் நிரப்பினார்கள், அது தனிக்கதை. மனிதர்கள் எல்லாவற்றிலும் சமம் என்று விவரமறிந்த யாரும் சொன்னதில்லை, அதையும் விடுங்கள். உங்கள் தேர்வைப் பற்றித்தான் பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே அது என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார்: படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும் என்று. அதே மில்தான் 1867இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நின்றார். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கே இந்த ஆசை இருந்தது. ஆகவே உங்களைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாதி வழியில் யோசிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்பேன்.

தேர்வை வைப்பது யார்? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் 1890ஆம் ஆண்டு அரசமைப்பைப் பாருங்கள். வாக்காளராகப் பதிய வருபவர் அதன் ஏதாவது ஒரு பிரிவைப் படித்துக்காட்ட வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். அந்த விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. எந்தப் பிரிவைக் கொடுப்பது, சொன்ன பொருள் சரியா தவறா என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பதிவு அலுவலர் கையில். வெள்ளையர் வந்தால் சின்னஞ்சிறு பிரிவு. கறுப்பினத்தவர் வந்தால் வக்கீலே திணறும் பிரிவு. பள்ளியில் பாடம் நடத்தும் கறுப்பின ஆசிரியர்களைக்கூடத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் இதற்கு முடிவு கட்டியது.

என் தேர்வு நேர்மையாக நடக்கும் என்பீர்கள். நடக்கட்டும். கேள்வித்தாளில் அரசின் கடன் இருக்கும். சுரங்கத்தில் இறங்குபவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இருக்குமா? எது அறிவு என்று முடிவு செய்யும் இடத்திலேயே ஒருவர் இன்னொருவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார், ஆர்.

என் அப்பாவின் கடைசி மாதங்களில் மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்தார்கள். அண்ணனும் சேர்ந்துகொண்டான். எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "உடம்பு என்னுதுடா, என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். அந்த அறையில் மருத்துவம் மிகக் குறைவாகத் தெரிந்தவர் அவர்தான். கத்தி விழப்போவதும் அவர்மேல்தான். வழி சொல்வதற்கு அறிவு போதும்; அந்த வழியில் இன்னொருவரை நடக்கவைக்க அறிவு மட்டும் போதுமா?

1647இல் இங்கிலாந்தில், மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையினர் யாருக்கு வாக்கு என்று பட்னி என்ற ஊரில் கூடி விவாதித்தார்கள். அங்கே ரெயின்பரோ என்ற படைத்தலைவர் வாதாடியது இதைத்தான். ஓர் அரசுக்குக் கட்டுப்பட்டு வாழ வேண்டியவன், பரம ஏழையானாலும், தன் சம்மதத்தோடுதான் அதற்குக் கீழ் வர வேண்டும் என்றார். நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே அந்த உரிமை என்று அதே படையின் இன்னொரு தலைவரான அயர்டன் மறுத்தார். அயர்டன் சொத்தை வைத்த இடத்தில் நீங்கள் படிப்பை வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாதம் எட்டாத இடங்களும் உண்டு. வாக்கு சமமாவதால் குரல் சமமாகிவிடாது. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். பணக்காரரின் ஒரு வாக்குக்குப் பின்னால் அவருடைய பணமும் பேசுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. வேறொரு நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, வரி கட்டி, அந்நாட்டின் ஒவ்வொரு சட்டத்துக்கும் கட்டுப்பட்டு வாழ்பவருக்குப் பெரும்பாலான நாடுகளின் தேசியத் தேர்தலில் வாக்கு இல்லை. கட்டுப்படுகிறவரைக் கேட்க வேண்டும் என்றால் அவரையும்தானே கேட்க வேண்டும்? எத்தனை ஆண்டு வாழ்ந்தால் கேட்பது? யார் முடிவு செய்வது? படித்தவருக்கு இரண்டாவது வாக்கு கேட்கிறீர்களே, முதல் வாக்கே இல்லாத இவர்களைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கட்டாயம் பதில் போடுகிறேன்.